வரி குறுக்கே ஓடிய படிக்கல்

கல் வியாபாரத்தில் கல் யாரையும் ஏமாற்றாது. விற்கிறவனும் வாங்குகிறவனும்தான் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொள்வார்கள். ஆனால் காண்ட்ராக்டரே, நீர் ஏமாற்றியது என்னையல்ல. திருச்சுழிப் பக்கத்து ஊர் ஒன்றின் குடிதண்ணீர்க் கிணற்றில், ஒடியும் கல் என்று தெரிந்தே படி வைத்தீர். உம் பெயரை எழுதமாட்டேன். உமக்கே தெரியும்.

மற்றவர்களே, கல் வாங்க வெயிலில் நின்று பேரம் பேசித் தொண்டை காய்ந்தவர்களே, உங்களுக்கு முதலிலிருந்து சொல்கிறேன். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மீதியெல்லாம் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அருப்புக்கோட்டையைச் சுற்றி லாரியில் கல் ஏற்றி, வசவு வாங்கிப் படித்தது.

வேகாத கல்

தொழிலுக்கு வந்த புதிது. பாலவனத்தம் பக்கம் முத்தம்மாள் என்கிற அம்மா காளவாசல் வைத்துச் சுண்ணாம்பு சுட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு லோடு சுண்ணாம்புக்கல் வேண்டியிருந்தது. குவாரிக்காரன் ஒருவன் வெள்ளை வெளேரென்று காட்டினான். அடித்துப் பேசி வாங்கிய பெருமையில் நானும் கொண்டுபோய் இறக்கினேன். வெள்ளையெல்லாம் சுண்ணாம்புக்கல் இல்லை என்று அப்போது யார் கண்டது? சுண்ணாம்புக்கல்லை இரும்பு ஆணியால் கீறினால் கோடு விழும். இது மணல் இறுகிப்போன கல், ஆணிதான் தேயும். ரோட்டுக்கு ஜல்லி போடலாம், சுண்ணாம்பு ஆகாது.

சூளையைப் பிரித்த அன்று ஆள் விட்டுக் கூப்பிட்டார். பார்த்ததும் குவாரிக்காரன் மேல் வந்த ஆத்திரத்தில் அங்கேயே குதித்தேன். அந்த அம்மா குதிக்கவில்லை. ஒரு கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெறகு பூராம் வெந்து சாம்பலாப் போச்சு தம்பி. ஒன் கல்லு மட்டும் குளிச்சிட்டு வந்த மாதிரில்ல ஒக்காந்திருக்கு!"

மின்னிய துவையல்

அருப்புக்கோட்டையில் ஒரு நெசவுக்காரர் என்னிடம் அம்மி வாங்கினார். வரிவரியாக அழகான கல் என்று அவரே பொறுக்கி எடுத்தது. வரிக்கல்லில் வெள்ளைப் பட்டை கெட்டி. கறுப்புப் பட்டையில் காக்காப்பொன், அதாவது மின்னுகிற மைக்கா, அதிகமிருந்தால் ஏடு ஏடாக உரியும்.

மறுவாரமே அம்மியை வண்டியில் ஏற்றிக்கொண்டு மனைவியோடு வந்து நின்றார். இருவரும் தெலுங்கில் வேகமாகப் பேசிக்கொண்டார்கள். பேச்சு என்னைப் பற்றித்தான் என்பது மட்டும் புரிந்தது. "வெல கொறைக்க அம்புட்டு நேரம் நின்னீகளே, அப்பப் பாக்கலையா?" என்று நானும் எகிறினேன். அந்த அம்மாள் கையிலிருந்த கிண்ணத்தை நீட்டினார். தேங்காய்த் துவையல் வெயிலில் தகதகவென்று மின்னியது. வரியில்லாத கருநீலக் கல்லில் வேறு அம்மி கொடுத்தேன். அது உளியை மழுக்கும், ஆனால் உதிராது. வண்டி கிளம்பும்போது நெசவுக்காரர் சொன்னார்: "சேலையில சரிகை இருந்தா நாங்க கூடுதலா வெல கேப்போம்ண்ணே. தொவையல்ல சரிகை இருந்தா யாருகிட்டப் போயிக் கேக்க?"

ஜீப்பில் வந்தவர்

பாறைகளை ஆராய்கிற அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து எங்கள் குவாரியில் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். "எடத்தப் புடுங்க வந்திருக்கீகளா?" என்று பாய்ந்தேன். மனிதர் சிரித்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். தண்ணீர் கொடுத்த கல்தச்சர் சங்கரலிங்கத்தையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு விளக்கினார்.

இங்கே இருப்பதில் பெரும்பகுதி உருமாறிய பாறையாம். ஒரு காலத்தில் களிமண்ணாக, மணலாக, சுண்ணாம்பாகப் படிந்தவை பூமிக்குள் ஆழப் புதைந்து, மேலே பாரமும் உள்ளே சூடும் தாக்கி, உருகாமலே வேறு கல்லாகிவிட்டன. "மாவு உருகியா இட்லி ஆகுது? வெந்துதானே ஆகுது, அப்படித்தான்" என்றார். களிமண் காக்காப்பொன் ஏடாயிற்று; மணல், ஆணியைத் தேய்க்கும் வெள்ளைக் கல்லாயிற்று; சுண்ணாம்பு பளிங்காயிற்று. வரியோ ஏடோ உள்ளவை ஒரு வகை, இல்லாதவை இன்னொரு வகை. அமுக்கிய பாரத்துக்குக் குறுக்கே ஏடுகள் படுத்ததுதான் வரி. கல் பிளப்பதும் அந்த வரி வாக்கில்தான். ஆகவே கிணற்றுச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கு வரி நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் மேலே ஆள் ஏறும்போது ஒடியும்.

எல்லாம் கேட்ட சங்கரலிங்கம் உளியைக் கீழே வைத்துவிட்டார். "இம்புட்டு வெக்கையும் பாரமும் பட்டு வந்ததையா சார், நாங்க இன்னும் வெயில்ல போட்டு அடிச்சிக்கிட்டிருக்கோம்?"

முள்ளை ஒதுக்கியவர்கள்

காண்ட்ராக்டரே, நீர் படிக்கல் கேட்டு என்னிடம் வந்தது அதற்குப் பிறகு. "கல்லுன்னா எல்லாம் கல்லுதான், வெலயக் கொறையும்" என்றீர். சங்கரலிங்கம் உம் கண்ணெதிரே, வரி குறுக்கே ஓடும் துண்டு ஒன்றின் பாதியைப் பாறை இடுக்கில் செருகி, வெளியே நீண்ட முனையில் ஏறி நின்றார். முறுக்கு மாதிரி ஒடிந்தது. "பாதிக்கல்லு செவத்துக்குள்ளதான இருக்கப்போகுது" என்று சொல்லிவிட்டுப் போய், வேறு இடத்தில் அதே மாதிரி வரி குறுக்கே ஓடும் கல்லை மலிவாக வாங்கிக் கிணற்றுச் சுவரில் செருகினீர்.

கோடையில் அந்தக் கிணற்றில் வாளிக்குத் தண்ணீர் எட்டாது. பெண்கள் இறங்கித்தான் மொள்ள வேண்டும். போன சித்திரையில் அந்த ஊர்ப் பேச்சியம்மாள் நிறைகுடத்தோடு ஏறும்போது படி ஒடிந்து, அவளுக்குக் கால் முறிந்தது. கல் இறக்கப் போன இடத்தில் கேள்விப்பட்டு ஓடினேன். ஒடிந்த முனையில் வரி குறுக்கேதான் ஓடியது. மற்றப் படிகளும் அப்படியே. யாரும் இறங்கக்கூடாது என்று கத்தி, வேலிமுள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்தேன். மறுநாள் முள் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது, பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கோபத்தோடு பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். கட்டுப்போட்ட காலோடு கட்டிலில் கிடந்தவள் சொன்னாள்: "முள்ளு போட்டா தாகம் அடங்கிருமாண்ணே? அவளுகள வையாதீக. படிய வச்சவுகள மாத்தச் சொல்லுங்க."

சொல்கிறேன், காண்ட்ராக்டரே. அடுத்த கோடை வந்தால் அந்த ஊர்ப் பெண்கள் மறுபடியும் அதே படிகளில் கால் வைக்கத்தான் வேண்டும். வரி நீளவாக்கில் ஓடும் கல் என்னிடம் இருக்கிறது, லாரியில் ஏற்றி நானே அனுப்புகிறேன். சுவரைப் பிரித்து மீண்டும் கட்டிக் கொடுப்பது உம் வேலை. உப்பு, புளி வரைக்கும் பேரம் பேசியே பிழைத்தவன் நான். இந்த ஒன்றுக்கு மட்டும் பேரம் கிடையாது, படிகளை மாற்றிக் கொடும்.