எத்தனை ஊட்டுக்காரர்?

எங்கள் மருமகளுக்குத் தமிழ் தெரியாது. பையன் புனேயில் வேலை பார்த்த இடத்தில் விரும்பிக் கட்டிக்கொண்ட வங்காளத்துப் பெண். அவளோடு பேச இங்கிலீஷ் ஒன்றுதான் வழி. தேங்காய் வாங்க வரும் வடக்கத்தி வியாபாரிகளைச் சமாளிக்கும் அளவுக்கு எனக்கு அது வரும். என் மனைவியின் படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. ஆனால் ஆசையெல்லாம் அவளுக்குத்தான்.

"சாப்ட்டீங்களா கண்ணுன்னு நானே ஒருக்காக் கேக்கோணுமுங்க. எத்தன நாளைக்குத்தான் பையன் நடுவுல நின்னு சொல்றது?" என்றாள்.

சனிக்கிழமைதோறும் தொண்டாமுத்தூரிலிருந்து பஸ் ஏறி, கோயம்புத்தூரில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போனோம். எங்களைத் தவிர எல்லோரும் காலேஜ் பிள்ளைகள். டீச்சருக்கு எங்கள் பையன் வயதுகூட இருக்காது. ஒருமைக்கு ஹீ, ஷீ. பன்மைக்கு தே என்று போர்டில் எழுதினார். இவள் கையைத் தூக்கி, மரியாதைக்கு என்ன சொல்வது என்று கேட்டாள். அப்படித் தனியாக ஒன்றும் இல்லை, ஒரு ஆண் என்றால் யாராக இருந்தாலும் ஹீதான் என்றார் டீச்சர். நடை பழகும் குழந்தையைக்கூட 'வாங்க சாமி' என்று கூப்பிடுகிற ஊர் எங்களுடையது. இவளுக்கு அந்தப் பதில் இறங்கவில்லை.

அடுத்த வாரம் குடும்பத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இவள் எழுந்து, "மை ஹஸ்பண்ட் ஃபார்மர். தே கோ மார்க்கெட். தே கம் ஈவினிங்" என்றாள்.

"ஏனுங்கம்மா, உங்களுக்கு எத்தன ஊட்டுக்காரர்?" என்று டீச்சர் விளையாட்டாகக் கேட்டார். வகுப்பே சிரித்தது. இவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஹீன்னு சொன்னா உன் வாயில இருக்கற முத்தா உதிர்ந்துபோகும்?"

"உங்க பேரக்கூட நான் சொன்னதில்லீங்க. மொட்டையா எப்படிங்க சொல்றது?"

"எம் மானத்தையே வாங்கிப்போட்ட. இனி இங்கிலீசுல வாயத் தொறக்காத."

"சரிங்க" என்றாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அந்த மட்டுக்கூட இருக்கவில்லை.

அதற்குப் பிறகு வகுப்புக்கு நான் மட்டும் போனேன். மருமகள் வீடியோவில் கூப்பிட்டால் இவள் சிரிப்பாள். அன்று செய்த குழம்பைப் பாத்திரத்தோடு தூக்கிக் காட்டுவாள். போனை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஒருநாள் மாட்டுக்குத் தீவனம் வைத்தபடி, "ஹேவ் யூ ஈட்டன், கண்ணு?" என்று அதனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பிழையும் இல்லை. எங்கே படித்தாளோ. நான் மாட்டுச் சாளைக்கு வெளியே நின்று கேட்டேன். நன்றாகச் சொல்கிறாய் என்று சொல்லியிருக்கலாம். போனில் மருமகளிடமே கேள் என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் தெரியாதவன் மாதிரி தோட்டத்துப் பக்கம் நடந்துவிட்டேன்.

போன தையில் நெஞ்சு வலிக்கிறது என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

கருமாதி முடிந்து உறவெல்லாம் கிளம்பிய பிறகு மருமகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன. அம்மா ஒருநாள்கூட என்னோடு பேசியதே இல்லையே, அவருக்கு என்னைப் பிடிக்காதா என்று மெதுவாக இங்கிலீஷில் கேட்டாள். உண்மையைச் சொல்லத் தேவையான வார்த்தைகள் எல்லாம் எனக்குத் தெரியும். நான்தான் தடுத்தேன் என்று சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்? பையன் வேறு எதிரே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவளுக்கு இங்கிலீஷ் தெரியாதும்மா" என்று சொன்னேன், பிழையில்லாத இங்கிலீஷில்.