இடம் மாறாத எட்டுக் கூண்டுகள்

பண்ணை மான் ஒரு நாளைக்கு எவ்வளவு புல் தின்னும் என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. ஊரில் அம்மா இதை யாரிடமும் சொல்வதில்லை. ‘ஆராய்ச்சி’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள்.

நார்வேயில், ஓஸ்லோ நகரின் ஓரத்து எல்லிங்ஸ்ருட்டில் வீடு, நகருக்குள் ஆய்வகம், மாதம் ஒருமுறை நகருக்கு வெளியே ஒரு மான் பண்ணை. மேய்கிற மானுக்குத் தட்டில் போட்டு அளக்க முடியாது. அதனால் புல்வெளியில் எட்டுக் கம்பிக் கூண்டுகளைக் கவிழ்த்து வைத்திருந்தோம். உள்ளே இருக்கும் புல்லில் மான் வாய் வைக்காது. சில வாரம் கழித்து உள்ளே கொஞ்சம், வெளியே அதே அளவு இடத்தில் கொஞ்சம் அறுத்து, உலர்த்தி, எடை போட்டால், வெளியே குறைகிறது எவ்வளவோ அது மான் தின்றது.

ஒவ்வொரு முறை அறுத்த பிறகும் கூண்டை வேறு இடத்துக்கு மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் உள்ளே இருக்கும் புல் கடிபடாமல் மளமளவென்று வளர்ந்துவிடும். அந்த வளர்ச்சியும் மான் தின்ற கணக்கில் போய்ச் சேரும். இது எனக்குப் பாடமாகவே தெரியும்.

கூண்டைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். பண்ணைக்காரருக்கு எழுபது தாண்டியிருக்கும். நான் வந்ததைப் பார்த்ததும் கொட்டகையிலிருந்து ஓடிவந்து ஒரு பக்கத்தைப் பிடிப்பார். எட்டாவது கூண்டை மாற்றி முடிப்பதற்குள் முகம் சிவந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார். எனக்கு உடம்பே கூசும். இந்த நாட்டில் வயது பார்க்காமல் எல்லோரும் எல்லோரையும் ‘நீ’ என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கோ அப்பா வயதுள்ள மனிதரை வேலை வாங்குகிறோமே என்று இருந்தது. மூன்றாவது முறை போனபோது, “இனிமே மாத்த வேண்டாம், இருந்த இடத்துலயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. படித்தவன் சொன்னால் சரி என்று நம்பினார். பெரிய வித்தியாசம் வராது என்று நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

கோடை முடிந்ததும் கணக்கு வந்தது. மான்கள் தாறுமாறாகத் தின்றிருந்தன. இத்தனை மானுக்கு இந்த நிலம் அடுத்த வருடம் தாங்குமா என்று அவர் கேட்டார். தாங்காது என்றேன். பதினோரு பெண்மான்களை வெட்டக் கொடுத்தார். எல்லாம் அவர் கண் முன்னால் பிறந்தவை. நேரத்தில் சொன்னாய் என்று நன்றி கூறி, எனக்கு ஒரு பொட்டலம் இறைச்சியும் தந்தார்.

ஆய்வகத்தில் புல்லை உலர்த்தி எடை போடுகிற பெண் இங்கேயே பிறந்தவள், பெற்றோர் யாழ்ப்பாணம். நவம்பரில் பழைய பைகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

“அண்ணா, மூண்டாந்தரத்துக்குப் பிறகு எல்லாப் பையிலையும் அதே இட நம்பர்தான் கிடக்கு. கூடு மாத்தேல்லையோ?”

“மாத்தலைம்மா.”

“ஏன்?”

சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான காரணம் என்று தெரிந்தது. அவள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

“அந்த மனுசன் மானை வெட்டிப்போட்டாரோ?”

“ம்.”

“அப்ப நீங்கள்தான் போய்ச் சொல்லவேணும், அண்ணா. ஈமெயில் போடாதேங்கோ.”

அன்றிரவு உட்கார்ந்து, கூண்டுக்குள் கூடுதலாக வளர்ந்திருக்கக்கூடியதைக் கழித்துக் கணக்கைத் திருத்திப் போட்டுப் பார்த்தேன். நிலம் தாங்கியிருக்கும். ஒரு மானைக்கூடக் குறைத்திருக்க வேண்டாம். எனக்கு என்னைப் பிடிக்காமல் போனது அன்றிலிருந்துதான். அந்தப் பொட்டலம் இன்னும் ஃப்ரீசரில் கிடக்கிறது. தின்னவும் முடியவில்லை, எறியவும் மனமில்லை.

சனிக்கிழமை போனேன். மிச்சமிருந்த மான்கள் வேலியோரம் நின்றன. எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஏன் மாற்றவில்லை?” என்று மட்டும் கேட்டார்.

“உங்களுக்கு முதுகு வலிக்குமேன்னு...”

அவர் வேலியோரத்து மான்கள் பக்கம் திரும்பினார்.

“வலிக்கும்தான்” என்றார். “தூக்கியிருப்பேனே.”

பிறகு புல்வெளிக்கு நடந்து, முதல் கூண்டின் ஒரு பக்கத்தைக் குனிந்து பிடித்துக்கொண்டு, நான் வந்து மறுபக்கத்தைப் பிடிப்பதற்காகக் காத்திருந்தார். எட்டையும் அப்படியே இருவருமாகத் தூக்கிக் கொட்டகைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.