அத்தானின் ராடார் பெட்டி

பலெர்மோ நகரின் சீசா என்ற பகுதியில் நாங்கள் குடியிருந்த மாடிக்கட்டடத்தின் கீழே, ஒரு ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை, அத்தான் தன் பழைய வெள்ளைக் காருக்குள் இருந்துகொண்டு முன்கண்ணாடியில் ஒரு கறுப்புப் பெட்டியை ஒட்டுவதற்குப் பாடுபட்டது நேற்று நடந்ததுபோல இருக்கிறது. பெட்டி ஒரு சவர்க்காரக் கட்டியின் அளவுதான். அதன் முதுகில் இரண்டு சின்ன ரப்பர் கிண்ணங்கள் இருந்தன. அவற்றை எச்சில் தொட்டு ஈரமாக்கிக் கண்ணாடியில் வைத்து அழுத்துவார். ஒன்று பிடித்துக்கொண்டால் மற்றது கழன்றுவிடும். சட்டை முதுகோடு ஒட்டும்வரை மினக்கெட்டு, கடைசியில் இரண்டும் பிடித்துக்கொண்டதும், வயரைச் சிகரெட் பற்றவைக்கும் துளைக்குள் செருகினார். பெட்டியில் ஒரு சிவப்பு வெளிச்சம் வந்தது. நானும் அக்காவும் நடைபாதையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா படியேறி மேலே போய்விட்டாள்.

அது ராடார் டிடெக்டர். வேகத்தை அளக்கும் பொலிஸ் கருவி வீதியில் எங்கேயாவது இருந்தால் முன்கூட்டியே கத்திக் காட்டிக்கொடுக்கும். ஜெர்மனியில் இருந்த அத்தானின் நண்பர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது. இத்தாலியில் அதை வைத்திருப்பது சட்டத்துக்கு மாறானது என்று கொடுக்கும்போதே அவர் சொல்லித்தான் கொடுத்தார்.

அத்தான் என் அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் பிறந்து, எண்பதுகளின் கடைசியில் பலெர்மோவுக்கு வந்தவர். ஒரு மருத்துவரின் வீட்டில் தோட்டமும் துப்புரவும் அவர் வேலை. ஞாயிறுகளில் தேவாலயத்தில் நடக்கும் தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிப்பார். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அவரைத் தெரிந்தவர்கள் யாரும், சட்டத்தை ஏமாற்றும் சாமான் ஒன்றை அவர் காரில் பூட்டுவார் என்று நினைத்திருக்க மாட்டார்கள். அதனால்தான் அந்தப் பெட்டியைப் பற்றி எங்கள் வீட்டில் அவ்வளவு கதை நடந்தது.

அக்காவின் கட்சி சுருக்கமானது. "மெதுவா ஓடினா அது என்னத்துக்கு?" அதற்குமேல் அவள் வாதாடுவதில்லை. அத்தானின் கட்சி கொஞ்சம் நீளம். அவர் வேகமாக ஓடுவதற்காக அதை வாங்கவில்லை, பயத்துக்காக வாங்கினார். எங்களைப் போன்ற முகமுள்ளவர்கள் ஓடும் காரை மறித்தால் கடுதாசிகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஒரு சின்னக் குற்றம் எழுதப்பட்டாலும், பெர்மெசோ என்று நாங்கள் சொல்லும் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போது அது அங்கே கோப்பில் இருக்குமோ என்று அவருக்குப் பயம். அப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இராது என்றும் யாரும் சொல்லவில்லை. "எங்கை நிக்கிறாங்கள் எண்டு தெரிஞ்சால் மனம் ஆறுதலா இருக்கும், அவ்வளவுதான்" என்பார்.

நான் அப்போது கால்சா பகுதியில், சிஞ்ஞோரா என்று நாங்கள் அழைக்கும் ஒரு வயதான இத்தாலிய அம்மாவின் வீட்டில் வேலை செய்தேன். அவரிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டார். இங்கே யாருக்கு அந்தப் பெட்டி தேவை, எதிரே வருகிறவன் இரண்டு தரம் விளக்கை வெட்டிக் காட்டுவான், அதுதான் சிசிலிக்காரரின் ராடார் என்றார். அத்தானிடம் அதை வந்து சொன்னேன். விளக்குக் காட்டுகிறவனும் முகத்தைப் பார்த்துத்தான் காட்டுவான் என்று நினைத்தாரோ என்னவோ, பெட்டியைக் கழற்றவில்லை. உண்மையில் நான் அந்த நாட்களில் அவர் பக்கம்தான் இருந்தேன். எனக்கும் அதே பெர்மெசோ, அதே பயம்.

நகருக்குள் அந்தப் பெட்டி ஒரு தொல்லை. தானாகத் திறக்கும் கடைக்கதவுகளுக்கு முன்னால் போகும்போதெல்லாம் காரணமில்லாமல் கத்தும். நெடுஞ்சாலையில்தான் அது தன் வேலையைக் காட்டியது. அங்கே நான் கவனித்த ஒன்றை அத்தான் கவனித்தாரா தெரியாது. பெட்டி வருவதற்கு முன் அவர் கண் அடிக்கடி வேகமுள்ளுக்குப் போய்வரும். வந்தபிறகு போவதில்லை. பெட்டி பேசாமல் இருந்தால் எல்லாம் சரி என்று அவர் கால் நினைத்துக்கொண்டது. பயம் குறையக் குறைய, நூறில் ஓடியவர் நூற்றிருபதுக்கும் நூற்றிருபதில் ஓடியவர் நூற்றைம்பதுக்கும் வந்துசேர்ந்தார். அவரைக் கேட்டிருந்தால், நான் எப்போதும்போலத்தான் ஓடுகிறேன் என்று உண்மையாகவே நம்பிச் சொல்லியிருப்பார்.

அடுத்த ஆண்டு கோடையில் அத்தானின் தம்பி வந்தான். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, வன்னியில் மரங்களின் கீழே இருந்து, பிறகு கொழும்பில் ஒரு வருடம் அலைந்து, மருத்துவர் வீட்டார் எழுதிக் கொடுத்த வேலைக் கடிதத்தால் விசா கிடைத்து வந்தான். பலெர்மோ விமானத்தில் இடம் கிடைக்காததால், ரோமிலிருந்து சிசிலியின் மறுகரையில் இருக்கும் கத்தானியாவுக்கு வரும் விமானத்தில் அவனை ஏற்றியிருந்தார்கள். அவன் அதற்கு முன் விமானத்தில் ஏறியதில்லை. இத்தாலிய மொழியில் ஒரு சொல் தெரியாது. அவன் வெளியே வரும்போது தான் வாசலில் நிற்க வேண்டும் என்று அத்தான் ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பியைக் கண்டு ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அன்று வேலையிடத்தில் சுணங்கிவிட்டது. ஒரு மணிநேரம் பிந்தித்தான் புறப்பட்டோம். முன்னால் அத்தானும் அக்காவும். பின்னால் நானும் அவர்களின் மகளும். அவளுக்கு எட்டு வயது. பலெர்மோவில் வளர்ந்தவள், தமிழையும் சிசிலி வாடை அடிக்கும் இத்தாலியத்தையும் கலந்து பேசுவாள். எங்கள் வீட்டின் மொழிபெயர்ப்பாளர் அவள்தான். அத்தானுக்கு வேலைக்கும் சந்தைக்கும் போதுமான இத்தாலியம் தெரியும். ஆனால் சீருடையைக் கண்டால் அவ்வளவும் தொண்டைக்குள் இறங்கிவிடும். பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்குப் போகும்போதெல்லாம் பள்ளிக்கூடத்தை நிறுத்தி அவளைக் கூட்டிப்போவார். அவள் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அலுவலரிடம் எக்கி நின்று பேசுவாள். வெளியே வந்ததும், "வடிவாச் சொன்னனி" என்று அத்தான் மெச்சித் தலையைத் தடவுவார். அவளுக்கு அதில் பெரிய பெருமை.

கல்தானிசெத்தா திருப்பத்தைத் தாண்டியபின், அறுவடை முடிந்து மஞ்சளாய்க் கிடந்த வயல்களுக்கு நடுவே பெட்டி திடீரென்று கத்தியது. அத்தான் பிரேக்கை அழுத்திய வேகத்தில் நானும் பிள்ளையும் முன் இருக்கையில் போய் மோதினோம். அப்படி அழுத்தியதுதான் வினையாயிற்று. சற்றுத் தள்ளி வீதியோரம் நின்ற பொலிஸ்காரர் சிவப்பு வட்டத் தட்டை நீட்டினார். காரை ஓரம் கட்டுவதற்குள் அத்தான் பெட்டியைப் பிடுங்கிப் பின்னால் நீட்டினார். பிள்ளை அதை வாங்கித் தன் தோள்பைக்குள், வர்ணப் பென்சில்களுக்கு அடியில் வைத்தாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

வந்தவர் ஐம்பது வயதிருக்கும் மனிதர். கடுதாசிகளைப் பார்த்தார். பிறகு குனிந்து முன்கண்ணாடியைப் பார்த்தார். அங்கே இரண்டு வட்டத் தடங்கள் பதிந்திருந்தன. சிகரெட் துளையில் வயர் தொங்கியது. இது எதற்கு என்று கேட்டார். பிள்ளைதான் முன்னால் சாய்ந்தாள், வழக்கம்போல. அத்தான் திரும்பாமலே தமிழில் சொன்னார்:

"ரெலிபோன் வயர் எண்டு சொல்லு."

அவள் சொன்னாள். தடுமாறவே இல்லை. பொலிஸ்காரர் அவளையே பார்த்து, உண்மையாகவா என்று கேட்டார். உண்மை என்றாள். பிறகு, யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு வசனத்தைத் தானாகச் சேர்த்தாள். "என் அப்பா பொய் சொல்ல மாட்டார்."

அவர் இன்னொருமுறை முன்கண்ணாடியைப் பார்த்தார். பிறகு கடுதாசிகளைத் திருப்பிக் கொடுத்து, மெதுவாகப் போங்கள் என்று கையை அசைத்தார்.

கார் நகர்ந்தது. அக்கா மூச்சை வெளியே விட்டாள். எனக்கும் நெஞ்சு லேசானது. அதை இன்று மறைத்து எழுதுவதில் பயனில்லை. பிறகு பிள்ளை தகப்பனின் இருக்கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நான் வடிவாச் சொன்னனானே அப்பா?"

வேகமுள்ளு எழுபதுக்கு இறங்கியதை நான் பார்த்தேன். என்னா என்ற நகரத்துக்குப் பிரியும் இடம் வந்ததும் அவர் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினார். ஏன் என்று அக்கா கேட்டாள். திரும்பிப் போகப் போகிறேன் என்றார். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்கடை மனச்சாட்சிக்கு எங்கடை பெர்மெசோவைக் கொண்டுபோய்க் குடுக்கப் போறியளோ? உங்கடை தம்பி அங்கை தனிய நிப்பான்."

"ஓம், நிப்பான். எனக்குத் தெரியும்."

"பின்னை?"

"அவள் கேட்டதுக்கு என்னாலை ஓம் எண்டு சொல்ல முடியேல்லையப்பா. இல்லை எண்டும் சொல்ல முடியேல்லை."

நானும் அக்காவோடு சேர்ந்து மறித்தேன். தம்பியை ஏற்றியபிறகு யோசிப்போம் என்றேன். இனிமேல் அந்தப் பெட்டியைத் தொடாவிட்டால் போதாதா என்றேன். அத்தான் கேட்டுக்கொண்டே காரை ஓட்டினார். மறுபக்கப் பாதையால் திரும்பிப் போகும்போது பொலிஸ்காரர்கள் இன்னும் அதே இடத்தில் நிற்பது தெரிந்தது. அவர்கள் போயிருக்க வேண்டும் என்று நான் மனதுக்குள் மாதாவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கல்தானிசெத்தா திருப்பம்வரை போய், மறுபடியும் சுற்றி, அவர்களுக்குப் பின்னால் கொண்டுபோய்க் காரை நிறுத்தினார்.

பிள்ளையின் பையிலிருந்து பெட்டியை எடுத்து, அவள் கையையும் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் பின்னால் போனேன். முதலில் மறித்த பொலிஸ்காரர் எங்களை அடையாளம் கண்டு புருவத்தை உயர்த்தினார். அத்தான் பெட்டியை நீட்டிவிட்டு மகளைப் பார்த்தார்.

"பொய் என்ரை, பிள்ளையின்ரை இல்லையெண்டு சொல்லு."

அவள் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். தனக்குத்தான் தண்டனை என்று நினைத்திருக்க வேண்டும். கண்ணீர் செருப்பில் சொட்டியது. அத்தான் பெட்டியைப் பொலிஸ்காரரின் கையில் வைத்தார். பிறகு தானே வாயைத் திறந்தார். அவர் சீருடைக்காரர் ஒருவரிடம் இத்தாலியத்தில் பேசி நான் கேட்டது அதுவே முதல் தடவை. சொற்கள் ஒன்றோடொன்று சேராமல், தனித்தனிக் கற்களாக விழுந்தன. "பொய், என்னுடையது. இவள் இல்லை. நான்."

பொலிஸ்காரர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். மற்றவரைக் கூப்பிட்டார். எழுதினார்கள், அதற்கு நேரம் எடுத்தது. பெட்டியை வைத்துக்கொண்டு தண்டத் துண்டைக் கொடுத்தார்கள். சலுகை எதுவும் காட்டவில்லை. எல்லாம் முடிந்தபிறகு அவர் பிள்ளைக்கு முன்னால் குந்தி இருந்தார்.

"அப்பா பொய் சொல்ல மாட்டார் என்றாயே. பிழையாகச் சொல்லவில்லை நீ" என்றார்.

கத்தானியாவுக்குப் போய்ச்சேர்ந்தபோது இரண்டரை மணிநேரம் பிந்திவிட்டது. தம்பி வாசலுக்குப் பக்கத்தில் தன் பயணப்பெட்டியின்மேல் இருந்தான். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. மிகவும் மெலிந்திருந்தான். அத்தான் ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்து, பிந்திப்போச்சு, பிந்திப்போச்சு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "அதுக்கென்ன, வருவியள் எண்டு தெரியும்தானே" என்றான் அவன். வன்னியில் அவன் எதற்கெல்லாம் காத்திருந்தான் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. அதோடு பார்த்தால் இரண்டரை மணிநேரம் ஒன்றுமேயில்லை.

அக்கா ஒரு மாதம் அத்தானோடு சரியாகப் பேசவில்லை. அவள் கோபம் நியாயமில்லாதது என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். நான்கு பேரின் வாழ்வு அந்தக் கடுதாசியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது பலெர்மோவில் யாருடைய காரிலும் அப்படியொரு பெட்டியை நான் காண்பதில்லை. தொலைபேசியே வழியும் சொல்லி, அடுத்த கமெராவையும் இனிய குரலில் சொல்லிவிடுகிறது. வீதியோரத்துப் பலகைகளும் சொல்கின்றன. தூரப் பயணம் போகும்போது அந்தப் பழைய கருவியை வைத்துக்கொள்வது சரியா பிழையா என்று இளைஞர்கள் யாராவது பேச்செடுத்தால், சட்டத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. நான் பார்த்ததை மட்டும் சொல்வேன். பயத்தைக் குறைக்கத்தான் அத்தான் அதை வாங்கினார். பயந்தபடியே வீதியையும் முள்ளையும் பார்த்து ஓடிய மனிதர், அதன்பிறகு அந்தப் பெட்டியைக் கேட்டு ஓடினார். அன்று அது கத்தியபோது, எட்டு வயதுப் பிள்ளை எங்களுக்காக என்ன செய்யப் பழகியிருக்கிறாள் என்பதும் தெரிந்துபோனது.

அந்த இலையுதிர்காலம் முழுவதும் செவ்வாயும் வியாழனும் அத்தான் தேவாலயப் பங்கு மண்டபத்தில் நடந்த இத்தாலிய வகுப்புக்குப் போனார். சிறுவர்கள் இருக்கும் வாங்குப் பலகைகளில் முழங்கால் இடிபட இருந்து வினைச்சொற்களை எழுதினார். நவம்பரில் பெர்மெசோவைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. நாங்கள் எல்லோரும் குவெஸ்தூராவுக்குப் போனோம். அன்று பிள்ளைக்குப் பள்ளி விடுமுறை. அதனால் அவளும் வந்தாள். எங்கள் எண்ணைக் கூப்பிட்டதும் அவள் பழக்கத்தில் எழுந்தாள். "நீ இரு" என்று அத்தான் அவள் தோளில் கைவைத்து இருத்திவிட்டுத் தனியாகப் போனார்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் கேள்விகள் கேட்டார். அத்தான் காதைக் கண்ணாடிக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டு, யோசித்து, மெதுவாகப் பதில் சொன்னார். தண்டத் துண்டையும் தானாகவே எடுத்துக் காட்டினார். அலுவலர் அதை ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினார். ஓரிடத்தில் அத்தான் வினைச்சொல்லைப் பிழையாகச் சொல்ல, அவர் திருத்தினார். அத்தான் திருத்திய சொல்லை மறுபடி சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். அக்கா செபமாலையைக் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு அவர் முதுகையே பார்த்திருந்தாள். அலுவலர் முத்திரை குத்தும் சத்தம் கேட்டபோது நான் பிள்ளையைப் பார்த்தேன். அந்த இடத்தில் அவளுக்குச் செய்வதற்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்தவள், வாயைத் திறந்தபடி என் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள்.