டொக்டரிடம் நான் சொன்ன ‘வரதக் நே’

மூன்று வருடங்களுக்கு முன்பு, கண்டியில் நான் மாதாமாதம் போகும் கிளினிக்கில் நடந்தது இது. அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. பிலிமத்தலாவையில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். நம்முடைய சாரி ஜாக்கெட்டும் தைப்பேன், சிங்களப் பெண்கள் கல்யாணத்துக்குக் கட்டும் ஒசரிச் சாரிக்கும் தைப்பேன். கழுத்து வெட்டுவதில் என்னை அடிக்க அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட இப்போது வேறு ஒன்றும் மிச்சமில்லை.

நாற்பத்தொரு வயதில் மூட்டுவாதம் வந்தது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது, மடங்கினால் விரியாது. வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால்தான் கத்தரிக்கோலைப் பிடிக்க முடியும். இதற்கு முழுக் குணம் இல்லை, ஆனால் ஒழுங்காக மருந்தெடுத்தால் கையைக் காப்பாற்றலாம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். கைதானே என் சோறு. ஒரு வேளை தவறாமல் விழுங்கினேன். அந்த விஷயத்தில் என் மீது யாரும் குற்றம் சொல்ல முடியாது.

குற்றம் என் வாயில் இருந்தது. டொக்டர் சிங்களவர், நல்ல மனிதர். வெளியே அத்தனை கூட்டம் நின்றாலும் முகம் சுளிக்க மாட்டார். எப்படி இருக்கிறது என்று சிங்களத்தில் கேட்பார். நான் "வரதக் நே டொக்டர்" என்பேன். தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக் கண்ணாடியில் பார்க்கும் சிங்களப் பெண்களிடமிருந்து நான் பிடித்துக்கொண்ட சொல் அது. நம்முடைய ‘பரவாயில்லை’ மாதிரி. நாம் எதற்குத்தான் பரவாயில்லை சொல்வதில்லை? காய்ச்சலில் கிடந்தாலும் பரவாயில்லை, வீட்டில் சாவு விழுந்து பத்து நாள்தான் ஆகியிருந்தாலும் பரவாயில்லை. அதோடு, மருந்து கொடுக்கிறவரிடமே போய் வலிக்கிறது என்றால், உங்கள் மருந்து சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது போல ஆகிவிடாதா? அப்படித்தான் நினைத்தேன்.

போதாததற்கு, பஸ்ஸில் நின்று வரவேண்டுமே என்று கிளினிக் நாளில் மட்டும் வலி மாத்திரை இரண்டைக் கூடப் போட்டுக்கொள்வேன். இஸ்திரி போட்ட சாரி, முகத்துக்குப் பவுடர். மற்ற நாட்களில் நான் கிடக்கும் கோலத்தை டொக்டர் பார்த்ததே இல்லை. அவர் கிளினிக் கொப்பியில் ஏதோ எழுதுவார். அதே மாத்திரை, அடுத்த மாதத்துக்குத் திகதி. இப்படியே ஐந்து வருடம் போனது.

அன்றைக்கு வெளியே காத்திருக்கும் வாங்கில் எனக்குப் பக்கத்தில் அக்குறணையிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பெண், தன் உம்மாவோடு இருந்தாள். நான் தண்ணீர்ப் போத்தல் மூடியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, கேட்காமலே வாங்கித் திறந்து தந்தாள். என் முறை வந்தபோது கைத்தாங்கலாகத் தூக்கியும் விட்டாள். உள்ளே டொக்டரின் மேசைக்குப் பக்கத்திலேயே அடுத்த நோயாளியையும் உட்காரவைப்பார்கள். அதனால் நான் வழக்கம்போல ‘வரதக் நே’ சொன்னது அடுத்த நோயாளியான உம்மாவோடு உள்ளே வந்திருந்த அவள் காதில் விழுந்துவிட்டது.

"அல்லாஹ்வே, என்னத்துக்குங்க பொய் செல்றீங்க? ஒரு போத்தல் தொறக்க ஏலாம ஈந்தீங்களே!" என்றாள். அதோடு விடவில்லை. டொக்டரிடம் சிங்களத்தில் படபடவென்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ‘யாருடி நீ’ என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினார். பிறகு என் கைகளை மேசைமேல் வைக்கச் சொல்லி ஒவ்வொரு முட்டியாக அழுத்தினார். மூன்றாவது விரலில் நான் கத்திவிட்டேன்.

உடனே எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். மத்தியானம் படத்தைப் பார்த்துவிட்டு, எனக்குப் புரியும்படி சின்னச் சின்னச் சிங்களத்தில் சொன்னார். ஒவ்வொரு மாதமும் ‘நல்லாயிருக்கிறார்’ என்றே எழுதி வந்திருக்கிறாராம். மருந்தைக் கூட்டவும் மாற்றவும் காலம் இருந்ததாம். இனித் தேய்வதை நிறுத்தப் பார்க்கலாம், ஆனால் வளைந்த விரல் வளைந்ததுதானாம். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். நான் கொப்பியை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

மருந்து எடுக்கும் வரிசையில் அந்தப் பெண் நின்றிருந்தாள். "என்ன சென்னாரு அக்கா?" என்று ஓடிவந்து கேட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன். என் கைக்காக வாய் திறந்த ஒரே ஆள் அவள்தான். அவளுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. பிறகு எத்தனையோ கிளினிக் நாட்களில் தேடிப் பார்த்துவிட்டேன், அவளைக் காணவே இல்லை.

இப்போது மெஷின் தங்கச்சி வீட்டில் இருக்கிறது. ஊருக்கெல்லாம் கொக்கி வைத்துத் தைத்தவள் நான், என் ஜாக்கெட்டுக்கு வீட்டுக்காரர்தான் கொக்கி மாட்டிவிடுகிறார். பாவம், எப்போதும் ஒன்றை விட்டுவிடுவார். புது மருந்தில் வீக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. வலி அப்படியேதான் இருக்கிறது. எந்த விரல், எவ்வளவு நேரம் என்று எல்லாவற்றையும் இப்போது டொக்டரிடம் ஒப்பிக்கிறேன். வாய்விட்டுச் சொன்னால் மனம் லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. காலம் கடந்து சொல்வதில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

போன மாதம் ஒரு காலை, ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்த என் மகள் பாதியில் நிறுத்திவிட்டு மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இருபது வயது.

"என்னடி, கை வலிக்குதா?" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா," என்று சிரித்துவிட்டு மறுபடி பிசையத் தொடங்கினாள்.

அடுத்த கிளினிக்குக்கு அவளையும் இழுத்துக்கொண்டு போகப் போகிறேன். எத்தனை கெஞ்சியும் என்னிடம் தையல் பழக மாட்டேன் என்றவள், இந்த ‘ஒண்ணுமில்ல’வை மட்டும் இவ்வளவு சுத்தமாக என்னிடமிருந்து பழகிவிட்டாளே என்று நினைக்கும்போது, விரல்களுக்காக அழுததைவிட அதிகமாக அழுகை வருகிறது.