காலண்டர் தாளில் உதிர்ந்த பூக்கள்

பி.எஸ்சி. தாவரவியல் முடித்ததும் ஒரு கல்லூரியின் ஹெர்பேரியத்தில், அதாவது செடிகளை உலர்த்திப் பாதுகாக்கும் அறையில், ஒரு மாதத் தற்காலிக வேலை கிடைத்தது. வெம்பக்கோட்டை அணைக்கரையில் பூத்திருக்கும் செடிகளைப் பறித்து, பழைய நியூஸ்பேப்பருக்குள் அழுத்தி உலர்த்தி, பூவின் அமைப்பைப் பார்த்துக் குடும்பவாரியாகப் பிரிக்க வேண்டும். சரியாகச் செய்தால் வேலை தொடரும் என்று துறைத்தலைவர் ஸ்டெல்லா மேடம் சொல்லியிருந்தார்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பா காலண்டர் அச்சகத்தில் கட்டிங் மிஷின் பார்க்கிறார்.

"எம் மக சேத்த செடிய வடை மடிக்கிற பேப்பர்லயா வைக்கது? நல்ல தாளு நா தாரேன்" என்று, அச்சுப் பிசகிய ஆர்ட் பேப்பர் ஒரு கட்டு கொண்டுவந்தார். எனக்கும் அந்த வழவழப்புதான் கௌரவமாகப் பட்டது.

ஐந்து நாள் கழித்து, செடிகளை அழுத்தி வைத்திருந்த பிரஸ்ஸை மேடம் முன்னால் பிரித்தேன். ஆர்ட் பேப்பர் ஈரம் உறிஞ்சாது. இலைகள் கறுத்து, பூக்கள் கழன்று கிடந்தன. எருக்க இலை ஒன்றில் ஏதோ நகைக்கடையின் பெயர் இடம்வலம் மாறிப் பதிந்திருந்தது.

"இது எந்தக் குடும்பம்மா, நகைக்கடைக்காரக குடும்பமா?" என்றார் மேடம்.

எனக்குக் காது சுட்டது. "சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க மேடம்."

"பூவே உதிர்ந்திருச்சு. எத வச்சுப் பிரிப்பீக?"

உதிர்ந்ததையே வைத்துப் பிரித்தேன். ஆவாரையில் ஐந்து இதழும் தனித்தனியாகக் கிடந்தன. தும்பைப் பூவின் வெள்ளை இதழ்கள் ஒரே துண்டாகக் கழன்றிருந்தன. லென்ஸ் வழியே, மகரந்தத்தாள்கள் அதன் உட்புறம் ஒட்டியிருப்பது தெரிந்தது. இதழ் பிரிந்தவை, இதழ் இணைந்தவை என்ற பெரும் பிரிவு உதிர்ந்த விதத்திலேயே இருந்தது. இதழ்கள் மூன்று மூன்றாகவும் இலை நரம்புகள் இணையாகவும் இருந்தவை ஒருவித்திலைத் தாவரங்கள். சந்தேகமானவற்றை வெந்நீரில் ஊறவைத்து, ஊசியால் விரித்துப் பார்த்தேன். நாற்பது செடிகளில் முப்பத்தேழுக்குக் குடும்பம் எழுதினேன். மூன்றில் ‘தெரியவில்லை’ என்று எழுதினேன்.

மேடம் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். அந்த மூன்றில் வெகுநேரம் நின்றார்.

"இது எனக்கும் தெரியல. சும்மா ஒரு பேர எழுதி வைக்காம விட்டீகளே, அம்புட்டுப் போதும். நாளைக்கு அணைக்கரைக்குப் போயி எல்லாத்தையும் புதுசாப் பறிச்சிட்டு வாங்க. அடுத்த மாசமும் வேலை இருக்கு."

லேபிளில் ‘கண்டறிந்தவர்’ என்ற கோட்டில் என் பெயரை எழுதச் சொன்னார். முப்பத்தேழு முறை எழுதினேன், கை வலிக்கவில்லை.

இப்போது ஹெர்பேரியத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது அந்த மூன்று தாள்களைத்தான். தெரியவில்லை என்று எழுதினால்தான் மறுபடி போய்ப் பார்ப்போம். அப்படிப் பார்த்து இரண்டைக் கண்டுபிடித்துவிட்டோம். மூன்றாவதன் லேபிளில் அந்தக் கோடு இன்னும் காலியாக இருக்கிறது.