எண்ணெய்க் கையும் கிளட்ச் லிவரும்

பந்தயத்தன்று காலையில் அரிசி மில் முதலாளி சங்கரபாண்டியன் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நேரே குளத்துக்கு வந்தார். மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்தார். கை வழுக்கியது.

அறுபதுகளில் நான் தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். பந்தயம் என்றால் பெரிய ஊர்ப் பந்தயம் இல்லை. மில் முதலாளியும் அவர் மச்சினர் இசக்கியும் ஆளுக்கொரு பழைய சீமை வண்டியை வைத்துக்கொண்டு வற்றிய குளத்துக்குள் போடும் போட்டி. மாறி மாறி விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டு வருவார்கள். இரண்டு பேருக்கும் மருந்து போட்டே அலுத்துப்போனவர் பொன்னம்மாள். முதலாளிக்கு மனைவி, இசக்கிக்கு அக்கா. கடைசியில் அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். இன்னும் ஒரே ஒரு பந்தயம், தோற்றவர் வண்டியை விற்றுவிட வேண்டும். இருவரும் சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தார்கள்.

மறுநாளே முதலாளி ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, இருப்பதிலேயே நீளமான, பளபளவென்ற கிளட்ச் லிவர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார். அவர் விரல்களோ குட்டை. அந்த லிவரை எட்டிப் பிடிப்பதற்குள் குளக்கரை வந்துவிடும். கெஞ்சிக் கூத்தாடி, கைக்குப் பக்கத்தில் நிற்கிற சின்ன லிவரைப் போட்டேன். நுனியில் கோலி மாதிரிக் குண்டு வைத்தது. குண்டு இருந்தால் விரல் நழுவி வெளியே போகாது, விழுந்தாலும் உடம்பில் குத்தாது.

அடுத்தது கோணம். பந்தயத்தில் டேங்க் மேல் குனிந்து படுத்துத்தான் ஓட்டுவார்கள். அப்படிப் படுக்கும்போது முழங்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே கோட்டில் வருகிற மாதிரி லிவரைச் சாய்க்க வேண்டும். படுங்கள் என்றேன். பஸ்ஸுக்கு நிற்கிற சனம் பார்க்கிறது என்று கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். கதவைச் சாத்திய பிறகுதான் படுத்தார்.

"யாராவது கேட்டா வயித்துவலின்னு சொல்லுடே" என்றார்.

லிவரை ஹேண்டில்பாரோடு பிடிக்கிற கிளாம்ப் ஸ்க்ரூவை ரொம்ப இறுக்காமல் அளவாகத்தான் முடுக்கினேன். வண்டி விழுந்தால் லிவர் திரும்பிக்கொள்ளும், ஒடியாது.

இவ்வளவும் செய்த பிறகுதான் இந்த எண்ணெய். சாரல் தொடங்கிவிட்டது, மச்சினர் செங்கோட்டையிலிருந்து வந்திருக்கிறார், அருவிக்குக் கூட்டிப் போகாவிட்டால் மரியாதையில்லை என்றார் முதலாளி. இருவரும் சேர்ந்தே போய், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்திருந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு வண்டியையும் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

சட்டைப்பையில் இருந்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து எண்ணெயை உறிஞ்சட்டும் என்று முதலாளியின் உள்ளங்கையிலும் விரல்களிலும் அழுத்தித் தேய்த்தேன். ஏதோ வேண்டுதல் என்று நினைத்து, வேடிக்கை பார்க்க வந்த நாலைந்து பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இசக்கியிடமும் நீட்டினேன். அவர் கொஞ்சம் எடுத்து நெற்றியில் மட்டும் இட்டுக்கொண்டார். அவருடைய லிவரில் குண்டும் இல்லை. அழகாக இல்லையென்று அறுத்து எறிந்திருந்தார்.

பந்தயம் தொடங்கத் துண்டை வீசினேன். இசக்கியின் விரல்கள் கிளட்சிலிருந்து சர்ரென்று நழுவின. வண்டி ஒரு துள்ளு துள்ளி, அவரை மண்ணில் உட்காரவைத்துவிட்டுத் தனியாகப் போய்க் கருவேலமரத்தில் சாய்ந்தது. முதலாளி குளத்தைச் சுற்றி வந்து ஜெயித்தார். வளைவுகளில் விரல் வழுக்கிக் குண்டில் போய் முட்டி நின்றதாகச் சொன்னார்.

வண்டியை விற்க இசக்கி அதை ஒர்க்‌ஷாப்பில் கொண்டுவந்து விட்டபோது அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வெளியாளுக்கு எதற்கு, நானே வாங்கிக்கொள்கிறேன் என்று முதலாளி மெல்ல ஆரம்பித்தார். கூடவே வந்திருந்த பொன்னம்மாள் அவரைத் தாண்டி என்னிடம் வந்தார்.

"அத நான் எடுத்துக்கிடுதேன், அண்ணாச்சி. என் வண்டின்னா ரெண்டு பேரும் தொட மாட்டாக. லிவர என் கைக்கு வச்சுக் குடுங்க. மில்லு களத்துல நெல்லு காயாத நேரம் ஓட்டணும்."

இதற்கு முன் ஓட்டிய பழக்கம் உண்டா என்று கேட்டேன்.

"இவுக முட்டிய ஒடைச்சுக்கிட்டுப் படுத்துக் கெடந்த நாளெல்லாம் வண்டி சும்மாவா நின்னுச்சு?"

தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்குச் சொல்கிறேன். லிவர் வைக்கும் முன்னால் வண்டியை யார் ஓட்டுகிறார்கள் என்று கேளுங்கள். அதை வண்டிக்காரரிடம் மட்டும் கேட்டால் போதாது.