கலியமூர்த்தி அண்ணன் தம் பெயரில் எழுதிய தவறு

வேப்பந்தட்டையில் சின்ன வெங்காய மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அரியலூர் வக்கீல் அழைத்தார். "நம்ம குமாஸ்தா போயிட்டாருப்பா. நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவரிடம் குமாஸ்தாவாக இருந்த கலியமூர்த்தி அண்ணனோடு கோர்ட்டில் பழகிய உங்களுக்கெல்லாம் அவர் நாள் கணக்குத் தவறாத மனிதர். எனக்குத் தெரிந்து அவர் தவறியது ஒரே முறை. அது என் வழக்கில்.

ஓர் அடிதடி வழக்கில் நான் சிறையில் இருந்தபோது, மீன்சுருட்டியில் அம்மா குடியிருந்த வீடு பெரியப்பா மகனுக்கே சொந்தம் என்று தீர்ப்பாகிவிட்டது. அப்பீல் போட முப்பது நாள். கலியமூர்த்தி அண்ணன் காகிதங்களை ஜெயிலுக்குக் கொண்டுவந்து, "கையெழுத்துப் போட்டு ஜெயில் ஆபீஸ்ல குடுத்துடு தம்பி, குடுத்த அன்னைக்கே கோர்ட்டுல போட்ட மாதிரிதான்" என்றார். தண்டனையை எதிர்த்து நான் போட்ட அப்பீலுக்கு அப்படித்தான் நடந்தது. சொத்து வழக்குக்கு அது செல்லாது, கோர்ட்டுக்குப் போய்ச் சேரும் நாள்தான் கணக்கு என்பதை அவர் யோசிக்கவில்லை. இருபத்தைந்தாம் நாள் கொடுத்தேன். கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கெடு முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

அதைச் சொல்லவும் அவரே பஸ் பிடித்து வந்தார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று, "தப்பு என்னோடது தம்பி" என்றார். வாய்க்கு வந்தபடி ஏசினேன். "எங்கம்மாவ தெருவுல நிறுத்திட்டீங்களேய்யா!" சந்திப்பு நேரம் முடியும்வரை தலைகுனிந்தே நின்றார்.

தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனுவில் தபால் மேல் பழியைப் போட்டிருக்கலாம். வக்கீலும் அதைத்தான் சொன்னாராம். "தபால்காரரு என்னங்க பண்ணாரு?" என்று கேட்டுவிட்டு, தவறாகச் சொன்னது தாம்தான் என்று அண்ணன் தம் பெயரிலேயே பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டார். கோர்ட் அப்பீலை எடுத்துக்கொண்டது. அதன்பின் கட்சிக்காரர்கள் சிலர், "எங்க கேஸ் கட்ட அவர்கிட்ட குடுத்துடாதீங்க" என்று அவர் காதுபடவே வக்கீலிடம் சொன்னார்கள்.

நான் வெளியே வந்தபின் விசாரணை நடந்தது. தோற்றேன். பத்திரம் அவர்கள் பக்கம் வலுவாக இருந்தது. அதற்கு அண்ணன் என்ன செய்வார்? வீட்டைக் காலி செய்த அன்று, கூப்பிடாமலேயே வந்து பீரோவை ஒரு பக்கம் தூக்கினார். "உங்களால ஆனதப் பண்ணீங்க, சாப்பிட்டுப் போங்க" என்றாள் அம்மா. அவர் என்னைப் பார்த்தார். நான் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டே இருந்தேன், நிமிரவில்லை.

ரெட்டிபாளையத்தில் அவர் சாவுக்குப் போய், அவரை எடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அந்தப் பிரமாணப் பத்திரத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. "கோவமில்லண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்ல, வீட்டைக் காலி செய்த பிறகு எனக்கு ஆறு வருடம் இருந்தது. சொல்லவில்லை.